உயரம் குறைந்த தடுப்பணைகள் ஓடையின் உயிர்ச்சூழலை எப்படி மாற்றுகின்றன?

ஓர் ஓடையின் குறுக்கே இடுப்பளவோ ஆளுயரமோ உள்ள தடுப்பணை ஒன்று நிற்கிறது. நீர் ஆண்டு முழுவதும் அதன்மேல் வழிந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பெருவெள்ளத்தின்போது அணை இருப்பதே கண்ணுக்குத் தெரிவதில்லை. இவ்வளவு சிறிய கட்டுமானம் ஓடையில் வாழும் உயிரினங்களை உண்மையிலேயே பாதிக்குமா, பாதிக்கும் என்றால் எந்த வழியில், அதை இடித்து அகற்றுவதுதான் தீர்வா என்பது கேள்வி. பாதிக்கும் என்பதே என் பதில். பாதிப்பின் அளவை அணையின் உயரத்தைக் கொண்டு கணிக்க முயன்றால் தவறான விடையே கிடைக்கும். ஓடும் நீரை எத்தனை நீளத்துக்கு அது தேங்கிய நீராக்கியிருக்கிறது, கோடையில் எவ்வளவு நேரம் நீரைப் பிடித்து வைக்கிறது, அதே ஓடையில் அதற்கு மேலும் கீழும் இன்னும் எத்தனை அணைகள் நிற்கின்றன என்ற மூன்றையும் பார்த்தால்தான் உண்மை நிலை புரியும்.

இவ்வகை அணைக்கு எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஒரே வரையறை இல்லை. கரையிலிருந்து கரைவரை நீண்டு, வருகின்ற நீரைப் பெரிய அளவில் சேமிக்காமல் தன் முகட்டின்மேல் வழியவிடுகின்ற, பெரும்பாலும் ஐந்து மீட்டருக்கும் குறைந்த உயரமுள்ள அணைகளை இப்பெயரால் குறிக்கிறார்கள். ஏழெட்டு மீட்டர்வரை உள்ளவற்றையும் சிலர் இவ்வகையில் சேர்ப்பதுண்டு. மாவு ஆலைகளின் சக்கரத்தைச் சுழற்றவும், வாய்க்காலுக்கு நீரை ஏற்றவும், குடிநீர் எடுக்கும் குழாயின் வாய்க்கு ஆழம் கொடுக்கவும், பாலத்தின் அடித்தளம் அரிக்கப்படாமல் காக்கவும் இவை கட்டப்பட்டன. இவற்றில் பல, கட்டப்பட்ட காரணம் மறைந்த பிறகும் அப்படியே நிற்கின்றன. அணை சிறியது என்பதால் யாரும் கணக்கெடுக்கவில்லை; யாரும் பராமரிப்பதும் இல்லை.

ஐரோப்பாவில் அந்தக் கணக்கெடுப்பை ஒருமுறை உண்மையிலேயே செய்து பார்த்தார்கள். ஆய்வாளர்கள் 2,700 கிலோமீட்டருக்கும் மேல் ஆற்றோரமாகவே நடந்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு தடுப்பையும் குறித்துக்கொண்டு, அதை அரசுப் பதிவேடுகளோடு ஒப்பிட்டார்கள். 2020-இல் நேச்சர் இதழில் வெளியான அந்த ஆய்வின்படி 36 நாடுகளின் ஆறுகளிலும் ஓடைகளிலும் குறைந்தது 12 லட்சம் தடுப்புகள் இருக்கின்றன. அவற்றில் 68 விழுக்காடு இரண்டு மீட்டருக்கும் குறைந்த உயரமுடையவை. பதிவேடுகளில் விடுபட்டிருந்தவையும் பெரும்பாலும் இத்தகைய சிறிய தடுப்புகளே. பெரிய அணைகளைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்க, ஓடைகளின் தொடர்ச்சியை எண்ணிக்கையால் துண்டாடியவை இந்தச் சிறியவைதான் என்பதை இந்த ஆய்வு தெளிவாகவே காட்டியது.

இனி ஓர் அணை என்ன செய்கிறது என்று பார்க்கலாம். முதலில் அதன் மேற்புறம். ஓர் அணை நீரை எவ்வளவு தூரம் பின்னோக்கித் தேக்கும் என்பதைத் தோராயமாகக் கணக்கிட, அணையின் உயரத்தை ஓடைப் படுகையின் சரிவால் வகுத்தால் போதும். ஒன்றரை மீட்டர் உயர அணை, ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவுள்ள சமவெளி ஓடையில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு நீரை நிறுத்தும். நூற்றுக்கு ஒன்று என்ற சரிவுள்ள மலையடிவார ஓடையில் அதே அணையின் தேக்கம் 150 மீட்டரோடு முடிந்துவிடும். ஆகவே ஒரே உயரமுள்ள இரண்டு அணைகளின் பாதிப்பு பத்து மடங்கு வேறுபடலாம். இந்தக் கணக்கைக் கேட்காமல் "சின்ன அணைதானே" என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை.

அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் எது மூழ்கிப்போனது என்பதுதான் அடுத்த கேள்வி. இயல்பான ஓடை ஒரே சீராக ஓடுவதில்லை. கற்களின்மேல் சலசலத்து ஓடும் ஆழமற்ற பகுதியும், அதையடுத்து ஆழமான மடுவும், மறுபடி சலசலப்பும் என்று மாறி மாறி வரும். ஓடையின் பூச்சியினங்களில் பெரும்பகுதி அந்தச் சலசலப்புப் பகுதியில்தான் வாழ்கிறது. அங்கே கிடக்கும், உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய கல்லொன்றைப் புரட்டிப் பாருங்கள். கல்லோடு கல்லாக ஒட்டிக்கொள்ள வசதியாகத் தட்டையாக அமைந்த உடலும், வயிற்றின் இருபுறமும் துடித்துக்கொண்டே இருக்கும் செவுள்களும் கொண்ட மேஃப்ளை என்ற பறக்கும் பூச்சியின் நீர்வாழ் இளம்பூச்சிகள் விரைந்து மறுபுறம் ஒளியும். சிறு மணற்பரல்களைத் தன் எச்சில் நூலால் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்ட, கேடிஸ்ஃப்ளை என்ற அந்துப்பூச்சி போன்ற பூச்சியின் புழு அசையாமல் இருக்கும். அதன் இன்னோர் இனம் கற்களுக்கிடையே நுண்ணிய வலை பின்னி, நீரோட்டம் கொண்டுவரும் இரையை வடித்துத் தின்னும். இவை அனைத்துக்கும் ஓடும் நீர் வேண்டும். கற்களுக்கிடையே இடுக்கு வேண்டும். அணையின் மேற்புறம் நீர் தேங்கியதும் வேகம் குறைகிறது. வேகம் குறைந்ததும் வண்டல் படிகிறது. வண்டல் படிந்ததும் இடுக்குகள் அடைபடுகின்றன. அதே இடத்தில் இப்போது கையை விட்டு அள்ளினால் கருத்த சேறும், அழுகும் இலைகளும், குருதிச் சிவப்பில் நெளியும் கைரோனோமிட் (கொசு போன்ற, கடிக்காத ஈயினம்) புழுக்களும், மெல்லிய சேற்றுப் புழுக்களும் கிடைக்கும். உயிர் அங்கே இல்லாமல் போய்விடவில்லை. சில வேளைகளில் எண்ணிக்கை முன்பைவிட அதிகமாகக்கூட இருக்கும். ஓடையில் வாழ்ந்தவற்றின் இடத்தைக் குளத்தில் வாழ்பவை பிடித்துக்கொண்டன.

மீன்களிலும் இதே மாற்றம் நிகழ்கிறது. சரளைக்கற்களுக்கிடையே முட்டையிடும் இனங்களும், கற்களைச் சுரண்டிப் பாசி தின்னும் இனங்களும் குறைந்து, தேங்கிய நீரையும் கலங்கலையும் பொறுத்துக்கொள்ளும் கெண்டை வகைகள் போன்றவை பெருகுகின்றன. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஃபாக்ஸ் ஆற்றின் 171 கிலோமீட்டர் நீளத்தில் 15 தாழ்வான அணைகள் இருந்தன. 2005-இல் வெளியான ஆய்வொன்று, அங்கே தடையின்றி ஓடும் பகுதிகளையும் அணைகளுக்குப் பின்னே தேங்கிய பகுதிகளையும் அடுத்தடுத்து அளந்து ஒப்பிட்டது. மீன் சமூகம், பூச்சிச் சமூகம், வாழிடம், நீரின் தரம் ஆகிய எல்லாவற்றிலும் தேங்கிய பகுதிகள் பின்தங்கியிருந்தன. இரண்டு பகுதிகளும் ஒரே ஆற்றில், ஒரே நீரில் அமைந்திருந்தன என்பதால் வேறு காரணம் காட்டித் தப்பிக்க அங்கே இடமில்லை.

காலத்தைப் பற்றிய கணக்கு இன்னும் முக்கியமானது. மேலே சொன்ன ஒன்றரைக் கிலோமீட்டர் தேக்கம் பத்து மீட்டர் அகலமும் சராசரியாக ஒரு மீட்டர் ஆழமும் உடையது என்று கொள்வோம். அதில் 15,000 கன மீட்டர் நீர் நிற்கிறது. வெள்ளக் காலத்தில் நொடிக்குப் பத்து கன மீட்டர் நீர் வரும்போது அது 25 நிமிடங்களில் மாறிவிடும். அப்போது அணை இருப்பதும் இல்லாததும் ஏறத்தாழ ஒன்றே. நொடிக்கு அரை கன மீட்டர் வரும்போது எட்டு மணி நேரத்துக்கும் சற்று அதிகமாகும். கோடையின் உச்சத்தில் நொடிக்கு ஐம்பது லிட்டர் மட்டும் வரும்போது அதே நீர் அங்கிருந்து வெளியேற மூன்றரை நாட்கள் ஆகும். அணை இல்லாத ஓடையில் நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் என்ற மெல்லிய வேகத்தில் ஓடினாலும் அந்தத் தூரத்தை நீர் நான்கு மணி நேரத்தில் கடந்திருக்கும். ஆண்டின் சராசரியை வைத்துப் பார்த்தால் பாதிப்பில்லை என்று தோன்றும் அணை, உயிரினங்கள் ஏற்கனவே நெருக்கடியில் இருக்கும் அந்தச் சில வாரங்களில் ஓடையைக் குட்டையாக்கிவிடுகிறது. மழைக்காலத்தில் ஒருமுறை நீர் மாதிரி எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதப்படும் அறிக்கைகளை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

நீர் நின்றால் வெயிலில் சூடேறும். 20 டிகிரி வெப்பமுள்ள நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. இதற்கிடையே தேங்கிய நீரில் ஊட்டச்சத்துகள் இருந்தால் பாசி பெருகும். பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடுவதால் நண்பகலில் அளப்பவருக்கு மிகச் சிறந்த எண் கிடைக்கும். இரவு முழுவதும் பாசியும் சேறும் ஆக்சிஜனை உறிஞ்சுவதால் விடியலுக்கு முன் அது மீன்கள் தாங்க முடியாத அளவுக்கு வீழ்ந்திருக்கலாம். ஃபாக்ஸ் ஆற்றின் தேக்கங்களில் கோடையில் கண்டதும் இத்தகைய பெரும் ஏற்ற இறக்கமே. ஆக்சிஜனை அளக்க வேண்டிய நேரம் அதிகாலை. அளக்க வேண்டிய இடம் மேற்பரப்பன்று, படுகையை ஒட்டிய அடிநீர்.

சேற்றின் அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோன இடத்தில், புவியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேன் உருவாகிறது. ஜெர்மனியின் சார் ஆற்றில் அணைகளுக்குப் பின்னே வண்டல் தேங்கிய இடங்கள் மீத்தேன் மிகுதியாக வெளியேறும் இடங்களாக இருப்பதை 2013-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அணையின் கீழ்ப்புறத்தில் நிகழ்வது வேறு. மேலே வண்டலையும் சரளையையும் இறக்கிவிட்டு வரும் நீருக்கு மீண்டும் அவற்றைச் சுமக்கும் ஆற்றல் இருக்கிறது. ஆகவே கீழே உள்ள படுகையை அரித்து நிரப்பிக்கொள்கிறது. நுண்ணிய மணலும் சிறு சரளையும் அடித்துச் செல்லப்பட்டு, வெள்ளத்தாலும் அசைக்க முடியாத பெருங்கற்கள் மட்டும் தளக்கல் பாவியதுபோல் எஞ்சும். முட்டையிடச் சரளை தேடிவரும் மீனுக்கு அங்கே இடமில்லை. இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். பெரிய அணைகளைப் பற்றி எழுதப்பட்ட எல்லாவற்றையும் அப்படியே சிறிய அணைகளின்மேல் ஏற்றிவிடக் கூடாது. சிறிய அணையின் பின்புறம் சில ஆண்டுகளிலோ சில பத்தாண்டுகளிலோ வண்டலால் நிரம்பிவிடும். அதன் பிறகு வெள்ளத்தில் வரும் வண்டலில் பெரும்பகுதி முகட்டைத் தாண்டிப் போய்விடுவதால் கீழ்ப்புற அரிப்பு தணியும். பெரிய அணைகள் செய்வதுபோல் இவை வெள்ளத்தின் பருவத்தையும் அளவையும் மாற்றுவதில்லை. அடியாழத்திலிருந்து குளிர்நீரைத் திறந்துவிடுவதும் இல்லை. சிறிய அணையின் கெடுதி மேற்புறத் தேக்கத்திலும் வழி அடைப்பிலும்தான் குவிந்திருக்கிறது.

இதையொட்டி எழும் ஒரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். அணைக்குக் கீழேதான் மீன் அதிகம் கிடைக்கிறது, அப்படியிருக்க அணை எப்படிக் கெடுதியாகும் என்று மீன் பிடிப்பவர்கள் கேட்பார்கள். அவர்கள் கண்டது உண்மைதான். மேலே போக வந்த மீன்கள் போக வழியின்றி அங்கே குவிகின்றன. தேக்கத்திலிருந்து வழியும் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் அதிகம் இருப்பதால் வடித்துண்ணும் பூச்சிகளும் அங்கே செழிக்கின்றன. அலபாமா மாநிலத்தில் பழைய ஆலை அணைகளுக்குச் சற்றுக் கீழே நன்னீர் மட்டிகள் மற்ற இடங்களைவிடச் செறிவாக இருந்ததையும் ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஆனால் அணையடியில் குவிந்த மீன்களைக் கொக்கும் பெரிய மீனும் தூண்டிலும் எளிதாகப் பிடித்துத் தீர்க்கின்றன. அந்தக் கூட்டத்தை ஓடையின் வளத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. (அணையடியில் நீர் பின்னோக்கிச் சுழன்று, விழுந்தவரை வெளியே விடாமல் உருட்டிக்கொண்டே இருக்கும் என்பதையும், காப்பாற்றப் போனவர்களும் அதில் இறந்திருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. மாதிரி எடுக்கப் போகிறவர்கள் முகட்டின் அடிப்பகுதிக்கு அருகே இறங்கவே கூடாது.)

வழி அடைப்புக்கு வருவோம். சால்மன் துள்ளி ஏறும் படங்களைப் பார்த்துப் பழகியதால் மீன்கள் அணையைத் தாண்டிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பெரும்பாலான ஓடை மீன்கள் துள்ளுவதில்லை. ஐரோப்பிய ஓடைகளில் படுகையோடு ஒட்டி வாழும் புல்ஹெட் என்ற சிறுமீனுக்கு 20 சென்டிமீட்டர் உயரப் படியே கடக்க முடியாத சுவர். துள்ளத் தெரிந்த மீனுக்கும், துள்ளுவதற்கு முன் வேகமெடுக்க அணையடியில் போதிய ஆழம் வேண்டும். கான்கிரீட் தளத்தின்மேல் விரலளவு நீர் மட்டும் பரவி ஓடும் அணையில் அந்த ஆழம் கிடைப்பதில்லை. கோடையில் முகட்டின்மேல் வழியும் நீர் மெல்லிய தாள்போல் இருக்கும். மீனின் உடல் பாதிகூட அதில் நனையாது.

மீன் நின்றால் அதோடு சேர்ந்து நிற்பவை பல. நன்னீர் மட்டிகளின் இளம்புழுக்கள் சில வாரங்கள் ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டி வாழ்ந்த பிறகே படுகையில் விழுந்து மட்டியாக வளரும். ஒவ்வோர் இனத்துக்கும் ஏற்ற மீன் வேறு. தாமாக மேலோட்டத்துக்கு நகர முடியாத இந்த உயிர்கள் ஓடை நெடுகப் பரவுவது அந்த மீன்களின் உதவியால்தான். வாட்டர்ஸ் என்ற ஆய்வாளர் 1996-இல் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஐந்து ஆறுகளில் இரண்டு மட்டியினங்களின் பரவலைத் தேடிச் சென்றபோது, முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கித் தொடர்ந்து கிடைத்துவந்த அவை தாழ்வான அணையோடு நின்றுபோயிருந்தன. ஒரு மீட்டர் உயரமே உள்ள அணையும் அதற்குப் போதுமானதாக இருந்தது. மட்டிகள் பல பத்தாண்டுகள் வாழக்கூடியவை என்பதால் இந்த இழப்பு உடனே தெரிவதும் இல்லை. அணைக்கு மேலே கிழட்டு மட்டிகள் நெடுங்காலம் உயிரோடிருக்கும். இளமட்டி மட்டும் இருக்காது.

இதற்கு நேர் எதிரான திசையிலும் சிக்கல் உண்டு. புல்கெண்டை போன்ற சில மீன்களின் முட்டைகள் நீரில் பாதி மிதந்தபடி நெடுந்தூரம் இழுத்துச் செல்லப்பட்டுப் பொரிக்கின்றன. வழியில் தேக்கம் குறுக்கிட்டால் முட்டை அடியில் இறங்கிச் சேற்றில் மூச்சடைத்துப் போகும். தாய் மீன் மேலே போக வழியமைத்துக் கொடுத்தாலும் இந்த இழப்பு தீராது. தடையின்றி ஓடும் நீளம் மட்டுமே இந்த இனங்களைக் காக்கும்.

வெப்பமண்டலத் தீவுகளின் ஓடைகளில் வாழும் இறால்களின் நிலை இன்னும் நுட்பமானது. மலையோடையில் வாழும் தாய் இறால் விடும் இளம்புழுக்கள் நீரோட்டத்தோடு கழிமுகம்வரை சென்று, உப்பு கலந்த நீரில் சிறிது வளர்ந்து, மீண்டும் ஓடையேறி வருகின்றன. புவேர்ட்டோ ரிக்கோவின் எஸ்பிரித்து சாந்தோ ஆற்றில் நீர் எடுப்பதற்காகக் கட்டப்பட்ட தாழ்வான அணையொன்றில், கீழிறங்கும் புழுக்களில் நெடுங்காலச் சராசரியாக ஏறத்தாழ 42 விழுக்காடு நீர் எடுக்கும் குழாய்க்குள் இழுக்கப்பட்டு மடிவதாக 1999-இல் வெளியான ஆய்வு கண்டறிந்தது. மேலேறி வரும் இளம் இறால்கள் ஈரமான அணைச்சுவரைப் பற்றி ஏறக்கூடியவை. ஆனால் நீர் வழிவது நின்றுவிட்ட நாட்களில் அவை அடியில் குவிந்து மீன்களுக்கு இரையாகும். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது அது காட்டிய தீர்வு. புழுக்கள் பெருமளவில் கீழிறங்குவது மாலை இருட்டிய பிறகான சில மணி நேரத்தில்தான். அந்த நேரத்தில் மட்டும் நீர் எடுப்பதை நிறுத்தினாலே இழப்பைப் பெரிதும் குறைக்க முடியும்.

ஓர் அணை முற்றிலும் கடக்க முடியாததாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மேலேற வரும் மீன்களில் பத்தில் எட்டு ஓர் அணையைத் தாண்டிவிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு நல்ல நிலைதான். அத்தகைய அணைகள் வரிசையாகப் பத்து இருந்தால் கடைசி அணையைத் தாண்டுவது நூற்றுக்குப் பதினொன்றுகூட இல்லை. ஒவ்வோர் அணைக்கும் தனித்தனியாகப் பாதிப்பு அறிக்கை எழுதினால் பத்து அறிக்கைகளும் "பாதிப்பு குறைவு" என்றே முடியும். ஓடை மட்டும் காலியாகியிருக்கும். ஊற்றிலிருந்து கழிமுகம்வரை ஓடையை ஒரே தொடராகக் காணும் கோட்பாடு 1980-இலும், அணைகள் அந்தத் தொடரை எங்கெங்கே முறிக்கின்றன என்று விளக்கும் கோட்பாடு 1983-இலும் வெளிவந்துவிட்டன. அனுமதி வழங்கும் நடைமுறை மட்டும் பல இடங்களில் இன்னும் தனித்தனி அணையையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

பழைய அணைகள் விட்டுச்சென்ற தடத்தை இயற்கை என்றே நாம் எண்ணிக்கொள்வதும் உண்டு. 1840-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 65,000-க்கும் மேற்பட்ட நீராலைகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஓடைக்குக் குறுக்கே தாழ்வான அணை கட்டியவை. வால்ட்டர், மெரிட்ஸ் என்ற இருவர் 2008-இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை, செங்குத்துக் கரைகளுக்கிடையே வளைந்து செல்லும் ஓடையே அங்கத்திய இயல்பான வடிவம் என்ற நெடுங்கால நம்பிக்கையை உடைத்தது. அந்த உயர்ந்த கரைகள் ஆலை அணைகளின் பின்னே ஒன்று முதல் ஐந்து மீட்டர்வரை படிந்த வண்டல். அணை உடைந்தபின் ஓடை அதை அறுத்துக்கொண்டு கீழிறங்கியிருக்கிறது. அதற்கு முன் அங்கே இருந்தது பல கிளைகளாகப் பரவி ஓடிய சதுப்பு நிலம். ஓடையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறோம் என்று சொல்பவர்கள் எந்தப் பழைய நிலை என்பதை முதலில் தோண்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆண்டில் சில மாதங்களே ஓடும் ஓடைகளில் நிலத்தடி நீரை ஊறவைக்கக் கட்டப்படும் தடுப்பணைகளைப் பற்றியும் ஒரு சொல். இங்கே மனிதத் தேவை உண்மையானது. அணை தரும் பயனும் பல இடங்களில் உண்மையானது. ஓடை வற்றிய பின்னும் அணைக்குப் பின்னே சிறிது காலம் நீர் நிற்பது சில உயிரினங்களுக்குப் புகலிடமாகவும் அமையலாம். அதே வேளையில், முதல் மழை வெள்ளத்தைப் பின்தொடர்ந்து முட்டையிட மேலேறும் மீன்களுக்குக் கிடைக்கும் காலம் மிகக் குறுகியது. அந்தச் சில நாட்களில் வழி அடைபட்டால் அந்த ஆண்டின் இனப்பெருக்கமே தவறிப்போகும். ஊறும் நீர் அணைக்கு அருகே கூடுவதும், கீழே உள்ள ஓடைக்கு வந்துகொண்டிருந்த நீர் குறைவதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். படுகை மட்டத்தில் மதகு வைத்து முதல் வெள்ளத்தைக் கடந்துபோகவிட்டு, மழைக்காலத்தின் பிற்பகுதியில் மதகை அடைத்து நீரைப் பிடிப்பது இரண்டு தேவைகளுக்கும் ஓரளவு இடம் கொடுக்கும் என்பது என் கருத்து.

அகற்றுவதால் பயன் உண்டா என்ற கேள்விக்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. விஸ்கான்சின் மாநிலத்தின் பாரபூ ஆற்றில் 1990-களின் பிற்பகுதியில் தொடங்கி 2001-க்குள் முதன்மை ஓட்டத்தில் இருந்த தாழ்வான அணைகள் அகற்றப்பட்டன. தேக்கமாக இருந்த இடத்தின் பூச்சிச் சமூகம் ஓராண்டுக்குள்ளேயே மேலோட்டத்தில் தடையின்றி ஓடும் பகுதியை ஒத்துவிட்டது. மீன்களும் மீண்டும் மேலேறின. வர்ஜீனியாவில் ராப்பஹானக் ஆற்றின் எம்ப்ரி அணை 2004-இல் உடைக்கப்பட்ட பிறகு, அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள மலையோடைகளில் விலாங்குகளின் எண்ணிக்கை கூடியது. மெய்ன் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றின் குறுக்கே 1837-இல் கட்டப்பட்ட எட்வர்ட்ஸ் அணை 1999-இல் அகற்றப்பட்டது. 160 ஆண்டுகளுக்கும் மேலாக அடைபட்டிருந்த வழியில் கடலிலிருந்து வரும் மீன்கள் திரும்பி வந்தன. எம்ப்ரி, எட்வர்ட்ஸ் ஆகிய இரண்டு அணைகளும் ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரமுடையவை என்பதால் நாம் பேசும் வகையின் மேல் எல்லையில் நிற்பவை. ஆனாலும் வழி திறந்தால் உயிரினம் எவ்வளவு விரைவாகத் திரும்பும் என்பதற்கு இவற்றைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றிய இயற்கை மீட்புச் சட்டம், 2030-க்குள் குறைந்தது 25,000 கிலோமீட்டர் நீள ஆறுகளைத் தடையற்று ஓடச் செய்வதை இலக்காக வைத்திருக்கிறது.

இருந்தும், எல்லா அணைகளையும் உடனே உடைத்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். பின்னே தேங்கிய வண்டலில் என்ன இருக்கிறது என்பதை ஆய்வுக்கூடத்தில் பார்க்காமல் ஓர் அணையைத் தொடக் கூடாது. ஹட்சன் ஆற்றின் ஃபோர்ட் எட்வர்ட் அணை 1973-இல் அகற்றப்பட்டபோது, அதன் பின்னே பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த பிசிபி என்ற தொழிற்சாலை நச்சு வேதிப்பொருள் கலந்த வண்டல் ஆற்றோடு கீழே இறங்கிப் பரவியது. நஞ்சில்லாத வண்டலும் ஒரே நாளில் கீழே இறங்கினால் அங்குள்ள மட்டிகளை மூடிக் கொல்லும். மேலே நீர்மட்டம் திடீரென்று தாழ்ந்தால் தேக்கத்தில் இருந்த மட்டிகள் வெயிலில் கிடந்து சாகும். விஸ்கான்சினின் காஷ்கனாங் ஓடையில் அணை அகற்றப்பட்டபோது இரண்டும் நிகழ்ந்தன. நீர்மட்டத்தைப் பல வாரங்களாகச் சிறிது சிறிதாக இறக்குவதும், மட்டிகளை முன்கூட்டியே பொறுக்கி வேறிடத்தில் சேர்ப்பதும் இந்த இழப்பைக் குறைக்கும்.

அணையை வேண்டுமென்றே வைத்திருக்க வேண்டிய இடங்களும் உள்ளன. வட அமெரிக்கப் பேரேரிகளில் புகுந்து மீன்வளத்தை அழித்த, பிற மீன்களில் ஒட்டிக் குருதி உறிஞ்சும் விலாங்கு போன்ற கடல் லாம்ப்ரே முட்டையிடுவதற்கு ஓடைகளில் ஏறுகிறது. அது துள்ளத் தெரியாத உயிரினம். ஆகவே முகட்டில் விளிம்பு நீட்டிய தாழ்வான அணையே அதைத் தடுக்கப் போதுமானது. ஓர் அணை ஒரு மேலோடை முழுவதையும் லாம்ப்ரேக்கு மூடிவிடுவதால், நச்சு மருந்து தெளிக்க வேண்டிய ஓடை நீளம் அந்த அளவுக்குக் குறைகிறது. அதே அணை, துள்ளாத உள்ளூர் மீன்களையும் தடுக்கிறது என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். இரண்டு இழப்புகளையும் எடைபோட்டு, எது பெரிது என்று முடிவு செய்திருக்கிறார்கள். இவ்வாறு எடைபோட்டு எடுத்த முடிவை நான் மதிக்கிறேன். எடைபோடாமலேயே அணையை விட்டுவைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

அகற்ற இயலாத இடத்தில் முதலில் நினைவுக்கு வருவது, மீன்கள் படிப்படியாக ஏறிச்செல்ல அமைக்கும் நீர்ப்படிகளான மீன் ஏணி. அது பெரும்பாலும் வலிமையாக நீந்தும் ஓரிரு மீனினங்களுக்காகவே வடிவமைக்கப்படுகிறது. அணைக்கு மேலே மூழ்கிக் கிடக்கும் சலசலப்புப் பகுதிகளுக்கு அது எதுவும் செய்வதில்லை. அதைவிட, அணையின் கீழ்ப்புறத்தில் பெருங்கற்களை அடுக்கி, முகட்டின் உயரத்திலிருந்து மெல்லிய சரிவாக இறக்கிவிடும் கற்சரிவு சிறந்தது. கற்களுக்கிடையே நீர்ச்சுழலும் ஓய்விடமும் மாறி மாறிக் கிடைப்பதால் வலிமை குறைந்த சிறுமீன்களும் ஏற முடியும். பூச்சிகளுக்கு அது புதிய வாழிடமாகவும் அமையும். அணையடியின் கொலைச்சுழலும் மறையும். சரிவு இருபதுக்கு ஒன்று என்ற அளவிலோ அதைவிட மெல்லியதாகவோ இருப்பது நல்லது. நடுவில் சற்றுத் தாழ்வாக அமைத்தால் கோடையின் குறைந்த நீரும் ஒரே தடமாகத் திரண்டு ஓடும். இதற்கும் பணம் இல்லையென்றால் முகட்டின் ஒரு பகுதியை வெட்டித் தாழ்த்துவதும், தேங்கிய மணலை வெளியேற்றும் மதகான மணற்போக்கியை ஒவ்வொரு வெள்ளத்திலும் திறந்துவிடுவதும்கூடத் தேக்கத்தின் நீளத்தைக் குறைக்கும்.

ஏதாவது செய்வதற்கு முன், முழு ஓராண்டாவது அளந்து வையுங்கள். அணைக்கு மேலே தேக்கம் தொடங்குவதற்கும் முன்னுள்ள பகுதி, தேக்கத்தின் நடு, அணையின் அடிப்பகுதி, இன்னும் ஒரு கிலோமீட்டர் கீழே என்று நான்கு இடங்களில் கற்களைப் புரட்டிப் பூச்சிகளை எண்ணுங்கள். கோடையில் விடியலுக்கு முன் அடிநீரின் ஆக்சிஜனையும் வெப்பத்தையும் அளந்துகொள்ளுங்கள். அணைக்கு மேலே கிடைக்காமல் கீழே மட்டும் கிடைக்கும் மீன்களையும் மட்டிகளையும் தனியாகப் பட்டியலிடுங்கள். அந்தக் கடைசிப் பட்டியல் நீளமாக இருந்தால் முதலில் வழியைத் திறக்க வேண்டும். அது குறுகியதாக இருந்து, தேக்கத்தின் நடுவில் எடுத்த எண்கள் மட்டும் மற்ற மூன்றிலிருந்து விலகி நின்றால், வழி அமைப்பதில் பணத்தைச் செலவிடாமல் நீர்மட்டத்தை இறக்க முயல்வதே சரி.